ஒற்றைக்குண்டு மனிதன்

தினகரன் செத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது என்று அவன் மனைவி ஜெயம்மா சொல்கிறாள். இரண்டாயிரத்து எண்ணூறு வருஷம் ஆகிறது என்று வாரியம் சொல்கிறது. இரண்டில் எது சரி என்று தீர்மானிக்கும் அதிகாரம் வாரியத்திடம் இருக்கிறது. ஜீப்பும் வாரியத்திடம்தான் இருக்கிறது.

காயல் தொல்பண்பாட்டுக் காலகட்ட நிர்ணய வாரியம் என்பது அதன் முழுப்பெயர். கட்டடம், பெயர்ப்பலகை, இயக்குநர், ஓட்டுநர் எல்லாம் ஆரம்பத்திலேயே அமைந்துவிட்டன. பண்பாடு மட்டும் கிடைக்காமல் இருந்தது. இயக்குநர் டாக்டர் தனசேகர் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. வருஷா வருஷம் பண்பாடு இல்லாமலேயே ஆண்டறிக்கை கொடுத்து வந்தார்.

போன மழையில் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. மணல்மேட்டுக்குப்பத்துக்குத் தெற்கே ஏரிக்கரை சரிந்து, உள்ளேயிருந்து ஒரு முதுமக்கள் தாழியின் வாய் தெரிந்தது. அது நிஜமாகவே பழைய தாழி, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு தாழியை வைத்துக்கொண்டு ஒரு காலகட்டம்தான் சொல்ல முடியும். ஒரு காலகட்டத்துக்கு ஒரு வருஷத்து நிதி ஒதுக்கீடுதான் வரும். தொடக்கம், வளர்ச்சி, உச்சம் என்று மூன்று கட்டமாவது வேண்டும் என்பது டாக்டர் தனசேகரின் கொள்கை. மூன்றுக்கும் எலும்பு வேண்டும்.

தாழி கிடைத்த இடம் களிமண், முள், பாம்பு. ஜீப்பும் போகாது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நல்ல மணல் மேடு இருந்தது. பனைமர நிழல், ஏரிக்காற்று, வண்டி மேலே வரைக்கும் ஏறும். அங்கே தோண்டினார்கள். எடுத்த எடுப்பிலேயே சவக்குழிகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. குப்பத்தின் இடுகாட்டில் சவக்குழி கிடைப்பதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லைதான். ஆனால் டாக்டர் தனசேகர் ஆச்சரியப்பட்டார். அங்கே கல் நடும் வழக்கம் இல்லை. மணல் நகர்ந்துகொண்டே இருக்கிற இடத்தில் எதை நட்டாலும் நிற்காது. இந்தப் புதரடியில் இன்னார் என்று அவரவர் வீட்டு ஞாபகம்தான் அடையாளம். புதரைச் சான்றாக ஏற்கும் விதி வாரியத்தில் இல்லை.

ஆண்கள் ஏரியில் இருந்த நேரம். பழவேற்காடு மார்க்கெட்டில் மீனை விற்றுவிட்டு, காலிக் கூடையோடு திரும்பிவந்த ஜெயம்மாதான் முதலில் பார்த்தாள். மேடு முழுக்க வெள்ளைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். வேலிக்காத்தான் புதரடியில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து பெயிண்ட் பிரஷ்ஷால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். கிட்டே போனால் தினகரன். அந்த முன்பல் சந்து ஜெயம்மாவுக்குத் தெரியாதா? பதினைந்து வருஷம் அந்தச் சந்து வழியாக விசில் அடித்துத்தான் அவளைக் கூப்பிடுவான்.

கூடை கையிலிருந்து விழுந்தது. "ஐயோ, இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க! எங்க ஊட்டுக்காரரு அவுரு!"

பிரஷ் வைத்திருந்தவள் எலிசபெத், வாரியத்தின் உதவி ஆய்வாளர். பாவம், நல்ல பெண். "அக்கா, கயித்தைத் தாண்டாதீங்க, அடுக்கு கலைஞ்சிடும்" என்றாள் பதற்றமாக. பிறகு இயக்குநரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் தனசேகர் குடைக்கு அடியில் வந்தார். ஜெயம்மா அழுது முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். "எலிசபெத், இந்த அழுகையைப் பதிவு பண்ணீங்களா? கலப்பில்லாத அழுகை. தொல்குடிப் பெண்கள் இப்படித்தான் அழுதிருப்பாங்க" என்றார். எலிசபெத்தின் போனில் இடம் போதவில்லை. "அம்மா, இன்னொரு தடவை முடியுமா?" என்று டாக்டர் மரியாதையாகக் கேட்டார்.

"சார், அவுரு சட்டப் பாக்கெட்டுல நீலக் கலர் சீப்பு இருக்கும். நாந்தான் வெச்சேன். தலை சீவாம எங்கயும் போவ மாட்டாரு."

"கிடைச்சுது. மேலடுக்குக் கலப்பு."

"அப்படின்னா?"

"காலவரிசைக்குப் பொருந்தாத பொருள் எது கிடைச்சாலும் அது மேலேருந்து கலந்ததும்மா. சீப்பு, சட்டை பட்டன், ஒரு ரூபாய்க் காசு எல்லாத்தையும் தனியா எடுத்து வெச்சுட்டோம். அதையெல்லாம் எடுத்துட்டுப் பார்த்தா, இவர் ரொம்பப் பழைய ஆள்."

டாக்டர் அதோடு விடவில்லை. ஒரு கையளவு மண்குண்டை எடுத்துக் காட்டினார். வலையின் அடிக்கயிற்றில் பாரத்துக்காகக் கட்டுகிற, சுட்ட மண்ணால் ஆன குண்டு.

"இதுதான் திறவுகோல். சில குழிகளில் நாலஞ்சு குண்டு இருக்கு. சிலதில் பத்துக்கு மேல. உங்க… இந்த எலும்புக்கூடு பக்கத்துல ஒண்ணே ஒண்ணு. இதிலேருந்து என்ன தெரியுது? முதல் கட்டத்துல மனுஷனுக்கு ஒரு குண்டு செய்யத்தான் தெரிஞ்சிருக்கு. ரெண்டாம் கட்டத்துல கைப்பழக்கம் வந்து நாலஞ்சு. மூணாம் கட்டம் பொற்காலம், குண்டு குவியுது. ஒரு நாகரிகத்தோட வளர்ச்சியையே இந்தக் குண்டுகளை எண்ணிச் சொல்லிடலாம்."

ஜெயம்மா அந்தக் குண்டைப் பார்த்தாள். ஒரு ஓரம் உடைந்திருந்தது. அவளுக்கு அதைத் தெரியும்.

அந்த ஊர் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒரு பாட்டில் சேர்ந்தவர்களில் ஒருத்தன் செத்தால், மற்றவர்கள் தங்கள் தங்கள் வலையிலிருந்து ஒரு குண்டை அறுத்து அவன் குழியில் போடுவார்கள். கூட நின்று வலை இழுத்தவன் என்பதற்கு அது அடையாளம். பத்துப் பேர் வந்தால் பத்துக் குண்டு. நாலு பேரோடு மட்டும் பேச்சுவார்த்தை இருந்தவனுக்கு நாலு.

தினகரனுக்கு யாரும் போடவில்லை. சாவதற்கு முந்தைய இறால் சீசனில், தாமோதரனின் முறை நாளில் இவன் போய் வலை கட்டிவிட்டான். ஊர்கூடிக் கேட்டபோது மன்னிப்புக் கேட்டிருந்தால் சின்ன அபராதத்தோடு போயிருக்கும். "இறால் இன்னா, உங்க சீட்ட பாத்துக்கினா வருது?" என்று கேட்டுவிட்டான். பாடு முறையிலிருந்து விலக்கிவிட்டார்கள். பேச்சு இல்லை, தண்ணீர் புழக்கம் இல்லை. அந்தச் சமயத்தில் காமாலை வந்து அவன் போய்ச் சேர்ந்தான். காட்டூரிலிருந்து ஜெயம்மாவின் அண்ணன்மார்கள் வந்து தூக்கினார்கள். குப்பத்து ஆண்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். யார் வலையிலும் கத்தி படவில்லை. ஜெயம்மாதான் தினகரனுடைய வலையிலேயே ஒரு குண்டை அறுத்துக் கொண்டுபோய்ப் போட்டாள். பெண்கள் போடக்கூடாது என்று யாரோ சொன்னார்கள், அவள் காதில் வாங்கவில்லை.

இதை அவள் டாக்டரிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் கண் கலங்கிப்போனார். "எலிசபெத், எழுதிக்குங்க. மூவாயிரம் வருஷத்து நினைவு இவங்க ரத்தத்துல எவ்வளவு பத்திரமா இருக்கு பாருங்க. தன்னையே அந்தத் தொல்குடி மனுஷனோட மனைவியா நம்புறாங்க."

"நம்பறதெல்லாம் இல்ல சார், நெசமாவே பொண்டாட்டி. குண்டு நாந்தான் போட்டேன்."

"அம்மா, குண்டை யார் போட்டாங்க, எப்பப் போட்டாங்கங்கிறது எங்க ஆய்வு எல்லைக்குள்ள வராது. எண்ணிக்கை மட்டும்தான் சான்று. அதுல உணர்ச்சியைக் கலந்தா அறிவியல் நிக்காது."

"சரி சார், பாத்தாச்சு இல்ல. திருப்பிப் பொதச்சிடுங்க."

"முதல் கட்டத்துக்கு இவர் ஒருத்தர்தாம்மா இருக்கார். சென்னைக்குப் போறார். நிரந்தரக் காட்சி, கண்ணாடி, ஏசி எல்லாம் உண்டு." அவளுக்கு அதில் சந்தோஷம் இல்லை என்பது அவருக்குப் புரியவில்லை.

ஜெயம்மா அன்று ராத்திரி தாமோதரன் வீட்டுக்குப் போனாள். ஏழெட்டு வருஷமாக மிதிக்காத வாசல். தாமோதரன்தான் பாடுக்காரர்களில் மூத்தவர். ஊர் சேர்ந்து போய்க் கேட்டால் வாரியம் எலும்பைக் கொடுத்துவிடும் என்று அவள் நினைத்தாள். குப்பம் முழுக்க அவரவர் அப்பன் தாத்தன் வெளியே கிடக்கிறார்களே, கொதித்துப்போய் இருப்பார்கள் என்றும் நினைத்தாள்.

கொதித்தது உண்மைதான். அன்று சாயங்காலமே ஆண்கள் துடுப்போடு மேட்டுக்கு ஓடினார்கள். டாக்டர் அவர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். பத்துக்கு மேல் குண்டு கிடைத்த தாமோதரனின் அப்பா, பொற்காலத்தின் பெருந்தலைவர் என்று அறிவித்தார். துடுப்புகள் கீழே இறங்கிவிட்டன.

"இன்னா ஜெயம்மா, ஊரே பெருமையா கீது, நீ போயி கலாட்டா பண்றியாம்" என்றார் தாமோதரன், அவள் வாயைத் திறக்கும் முன்பே. "எங்க நைனா தலைவருன்னு படிச்சவங்களே சொல்லிட்டாங்க. நாம மின்னாடியே சொன்னா எவன் கேட்டான்?"

"மாமா, உங்க நைனா எளாவூர் செக்போஸ்ட்டாண்ட லாரி மோதி செத்தாரு. நானே வந்து அழுதேன்."

"அது வேற கணக்கு" என்றார் தாமோதரன். "உம் புருஷன் விசயத்துல ஊரு ஒண்ணும் பேசாது. அவன் எங்க கட்டத்துலயே இல்ல."

குப்பம் அந்த வாரத்தில் மூன்றாகப் பிரிந்தது. மூன்றாம் கட்டத்து வீடுகள் பைப்படியில் முதலில் குடம் வைத்தன. இரண்டாம் கட்டத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் கட்டத்துப் பொன்னுரங்கத்தின் மகளுக்கும் ஒரு மூன்றாம் கட்டத்துப் பையனுக்கும் நிச்சயமாகியிருந்த கல்யாணம், காலப் பொருத்தம் இல்லை என்று தள்ளிப்போனது. பொன்னுரங்கம் நல்ல பெரிய நண்டாகப் பார்த்து ஒரு கூடை எடுத்துக்கொண்டு வாரியத்தின் கூடாரத்துக்குப் போனான். தன் அப்பாவைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட முடியுமா என்று கேட்டான். ஆய்வில் சிபாரிசுக்கு இடமே கிடையாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நண்டு வெந்த பிறகு மறுபடி எண்ணிப் பார்த்ததில், இரண்டு துண்டாக உடைந்த குண்டுகளை இரண்டாகக் கணக்கிட வேண்டும் என்று ஒரு புதிய முறை பிடிபட்டது. பொன்னுரங்கத்தின் அப்பா மூன்றாம் கட்டத்தின் தொடக்கத்துக்கு நகர்ந்தார், கல்யாணமும் திரும்பவும் ஏற்பாடானது.

இதற்கிடையில் சோதனைச்சாலையிலிருந்து முடிவு வந்தது. அனுப்பிய எலும்புகள் எல்லாம் சமீப காலத்தவை என்று இருந்தது. எலிசபெத் அதைப் படித்துவிட்டு இயக்குநரின் முகத்தைப் பார்த்தாள்.

"சோதனைச்சாலையிலயும் மேலடுக்குக் கலப்பு" என்றார் டாக்டர் தனசேகர். "மெஷினுக்கு என்ன தெரியும், அது நேத்து வாங்கினது."

ஜெயம்மா தினமும் மேட்டுக்கு வந்தாள். மார்க்கெட் முடிந்ததும் கயிற்றுக்கு வெளியே பனையடியில் உட்கார்ந்துகொள்வாள். தினகரனைப் பஞ்சு விரித்த மரப்பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். வெயில் படுகிறது என்று ஒருநாள் தன் துண்டை எடுத்துப் பெட்டிமேல் போட்டாள். எலிசபெத் அதை எடுத்துவிடவில்லை. மறுநாள் ஜெயம்மாவிடம் ரகசியமாக அந்த நீலச் சீப்பைக் கொடுத்தாள். கழித்துப்போட்ட பொருள்தானே என்றாள். ஜெயம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு, அன்று முழுக்கப் பேசாமல் அழுதாள். அந்த அழுகையை யாரும் பதிவு செய்யவில்லை.

காட்சிக்கூடத் திறப்பு விழா நாள் வந்தது. மேட்டின் ஓரத்தில் தகரக் கொட்டகை, மூன்று கட்டத்துக்கும் மூன்று பலகைகள். பழவேற்காட்டிலிருந்து வாடகைக் கடை உவைஸ் பாய் நாற்காலியும் மைக்கும் கொண்டுவந்து போட்டார். சென்னையிலிருந்து துறைச் செயலர் வந்தார். முதல் வரிசையில் பொற்காலத்து வாரிசுகள், தாமோதரன் துவைத்த வேட்டியில். மேடைக்கு முன்னால் மேஜைமேல் தினகரனின் பெட்டி மூடாமல் இருந்தது. விழா முடிந்ததும் ஆணி அடித்து ஏற்றுவதற்கு வண்டி பின்னால் தயாராக நின்றது. ஜெயம்மா கொட்டகையின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வண்டி போய்விட்டால் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் தனசேகர் பேசினார். பொற்காலத்தைப் பற்றிப் பேசியபோது தாமோதரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு டாக்டர் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"இதோ, ஒற்றைக்குண்டு மனிதன்! முதல் கட்டம். இவர் வாழ்ந்த காலத்தில் சமூகம் என்கிற அமைப்பே தோன்றவில்லை. எப்படிச் சொல்கிறோம்? குழியைப் பாருங்கள். ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், கூட வேலை செய்தவன் ஒருத்தன்கூட வரவில்லை. தூக்க ஆள் இல்லை, கை மண் போட ஆள் இல்லை. மனிதனை மனிதன் மனிதனாக மதிக்கத் தெரியாத காட்டுமிராண்டி நிலை! பக்கத்துக் குடிசைக்காரன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருப்பான். அப்படிப்பட்ட மிருக நிலையிலிருந்துதான் இந்தப் பண்பாடு மெல்ல மெல்ல மேலே வந்தது. இவர்களை நினைத்து நாம் கோபப்படக் கூடாது. பரிதாபப்பட வேண்டும்."

செயலர் தலையசைத்தார். முதல் வரிசையில் யாரும் அசையவில்லை.

"சார் சொல்றது சரிதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஜெயம்மா. "இத்தினி நாளு நான் சார்கிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தேன். ஆனா சரியாத்தான் கண்டுபுடிச்சிருக்காரு. அன்னிக்கி ஒருத்தரும் வரல. வாசல்ல நின்னுதான் பாத்தாங்க. அப்படியே பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொல்றாரு."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உள்ளூர் மக்களே ஆய்வை ஏற்றுக்கொண்டார்கள் என்று செயலரிடம் குனிந்து சொன்னார்.

தாமோதரன் எழுந்தார். யாரையும் பார்க்காமல் கொட்டகையைவிட்டு வெளியே போனார். கரையில் அவர் வலை காய்ந்துகொண்டிருந்தது. இடுப்புக் கத்தியை எடுத்து அடிக்கயிற்றிலிருந்து ஒரு குண்டை அறுத்தார். திரும்பி வந்து, மேஜைமுன் நின்றார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. குண்டைப் பெட்டிக்குள் தினகரனின் கையருகே வைத்தார். அவர் உட்காரும் முன்பே பொன்னுரங்கம் கரைக்கு ஓடிவிட்டான். அப்புறம் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக. பாடு முறையில் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். பெட்டியில் குண்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மைக்கில் கேட்டது.

செயலர் இதை விழா நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதால் டாக்டரும் தட்ட வேண்டியதாயிற்று.

கைதட்டல் ஓய்ந்ததும் செயலர் பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். செயலர் எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்.

"பத்துக்கு மேல இருக்கே. உங்க பலகைப்படி இவர் மூணாம் கட்டம்தானே?"

"சார், அது இப்பத்தான் அவங்க…"

எலிசபெத் தொண்டையைச் செருமினாள். "யார் போட்டாங்க, எப்பப் போட்டாங்கங்கிறது ஆய்வு எல்லைக்குள்ள வராதுன்னு அறிக்கையிலயே இருக்கு சார். எண்ணிக்கை மட்டும்தான் சான்று. நீங்க சொன்னதுதான்."

டாக்டர் அவளைப் பார்த்த பார்வையில் அவளுடைய பதவி உயர்வு இரண்டு காலகட்டம் பின்னால் போனது.

"மூணாம் கட்டத்துக்குத்தான் ஒரு பெருந்தலைவர் இருக்காரே" என்றார் செயலர். "ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு? சென்னை வரைக்கும் வண்டி போகணும். இதை இங்கேயே விட்டுடுங்க."

வண்டி காலியாகப் போனது. அன்று பொழுது சாய்வதற்குள் தினகரனை வேலிக்காத்தான் புதரடியில் திரும்பவும் இறக்கினார்கள். இந்தத் தடவை தூக்குவதற்குக் காட்டூரிலிருந்து யாரும் வர வேண்டியிருக்கவில்லை. தாமோதரன் குழிக்குள் இறங்கி நின்று வாங்கினார். பழைய உடைந்த குண்டு எது என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஜெயம்மா குனிந்து அதை எடுத்து மற்றதற்கெல்லாம் மேலே வைத்தாள். பக்கத்தில் சீப்பையும் வைத்தாள்.

முதல் கட்டத்துக்கு இப்போது எலும்பு இல்லாமல் போய்விட்டது. டாக்டர் தனசேகர் ஒரு டீ குடித்து முடிக்கும் வரை யோசித்தார். பிறகு, பிறக்கும்போதே முதிர்ச்சியோடு பிறந்த உலகத்தின் ஒரே பண்பாடு இது என்று அறிக்கை கொடுத்தார். அதை விளக்க இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒதுக்கீடு வந்திருக்கிறது. விழாவுக்கு முன்பே சென்னைக்கு அனுப்பப்பட்ட தாமோதரனின் நைனா, காட்சியில் ஏறும் தன் முறைக்காக ஏசி அறையில் காத்திருக்கிறார். அவரைத் திரும்பக் கேட்டு தாமோதரன் இப்போது வாரியத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

முதல் கட்டத்துப் பலகை மட்டும் மேட்டோரத்தில் இன்னும் நிற்கிறது. பலகையை நடுவதற்கு நிதி உண்டு, எடுப்பதற்கு இல்லை. கொட்டை எழுத்தில் இருக்கிறது: 'இக்காலத்தில் சமூகம் தோன்றவில்லை.' ஏரிக்குப் போகிற ஆண்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடம் வந்ததும் எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

ஒருநாள் தாமோதரன் கடப்பாரையோடு ஜெயம்மா வீட்டு வாசலுக்கு வந்தார். "வாரியத்துக்காரன் எப்ப எடுக்கறது, நாமளே புடுங்கிப் போட்டுடலாம்மா. அது பொய்யின்னு ஆயிடிச்சி இல்ல" என்றார்.

ஜெயம்மா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"இருந்துட்டுப் போவட்டும் மாமா" என்றாள். "அந்த வாரியம் எழுதினதுல அது ஒண்ணுதான் நெசம்."